கணினியின் அரியணைப் போட்டியும் நம் எழுத்தும்

மலாக்கா மாநிலத்தில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் 40 ஏக்கர் நிலத்தைத் திருத்தி ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் தோன்றிய முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் அவர் புக்கிட் அசகானில் அப்பயிரைப் பேரளவில் விரிவாக்கினார். அதுகாறும் இம்மாநிலத்து மேட்டு நிலங்களில் மரவள்ளியே மிகுதியாக விளைந்து வந்தது. மரவள்ளி குறுகிய காலப் பயிர். விலை வீழ்ந்தால் அகழ்ந்தெடுத்துவிட்டு வேறொன்றை இடலாம். ரப்பரோ அத்தகையதன்று. நட்டபின் பால் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். பால் கண்டபின் இருபத்தைந்து ஆண்டுகள் அம்மரத்தைவிட்டு அகல முடியாது. சாலையும் ஆலையும் லயங்களும் கோயிலும் பள்ளியும் அதனைச் சுற்றியே எழும். அதன் பொருட்டுக் கப்பலேறி வந்த நம் முன்னோரும் அம்மரத்தோடு பிணைக்கப்பட்டனர்.

கணினியைப் பற்றி எழுதப் புகுந்தவன் ரப்பரில் தொடங்குவது ஏன் என்று வாசகர் வினவலாம். இதே மாநிலத்தின் தோட்டப் பள்ளிகளும் பட்டணத்துப் பள்ளிகளும், வீடுகளும், அச்சகங்களும் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் மற்றொரு தேர்வைச் செய்ய நேர்ந்தது. கணினி வாங்குவதென்று முடிவாயிற்று. அக்கணினி எந்த இயங்குதளத்தில் ஓட வேண்டும்? இவ்வினாவை நம்மவருள் பெரும்பாலோர் கடைக்காரரிடமே விட்டுவிட்டனர். வேண்டாமெனில் நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணினர். மரவள்ளி இடுவதாக எண்ணிக்கொண்டு ரப்பர் நட்ட கதை அது.

இயங்குதளம் என்பது யாது? தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வந்து நிற்பர். யார் எந்த நிரைக்குச் செல்வது, யாருக்கு எந்தக் கருவி, எடுத்த பாலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பவற்றையெல்லாம் மண்டோரும் கிராணியும் பகிர்ந்தளிப்பர். அவர்கள் மரம் வெட்டுவதில்லை. ஆயினும் அவர்களின்றி ஒரு துளிப் பாலும் ஆலைக்குச் சேராது. கணினிக்குள் அவ்வேலையைச் செய்வதே இயங்குதளம். தட்டச்சு விசையைத் தட்டினால் எந்த எழுத்தைத் திரையில் காட்டுவது, கோப்பினை எங்கே வைப்பது, அச்சுப்பொறிக்கு எதனை அனுப்புவது என்பவை அதன் ஆட்சிக்குட்பட்டவை. ஒரு தோட்டத்துக் கிராணியின் கணக்குப் புத்தகம் மற்றொரு தோட்டத்துக் கிராணிக்கு விளங்காமற் போவதுண்டு. கணினி உலகிலும் அதுவே நேர்ந்தது.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதனோடு மூவகை இயங்குதளங்கள் போட்டியிட்டன என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். ஒன்று, மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிய டாஸ். அதுவும் அந்நிறுவனமே ஆக்கியதன்று. சியாட்டில் நகரின் சிறு நிறுவனமொன்றில் டிம் பேட்டர்சன் என்பவர் எழுதியதை விலைக்கு வாங்கித் திருத்தியது. மற்றொன்று, கேரி கில்டால் என்னும் அறிஞரின் நிறுவனம் ஆக்கிய சி.பி.எம்.-86. மூன்றாவது, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பி-சிஸ்டம். அக்காலத்தில் பெயர் பெற்றிருந்தது கில்டாலின் வழிமுறையே. ஆயினும் டாஸின் விலை 40 டாலர், சி.பி.எம்.-86இன் விலை 240 டாலர். வாங்குவோர் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. மேலும் மைக்ரோசாப்ட், தன் டாஸைப் பிற கணினி உற்பத்தியாளர்க்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தைவானிலும் பிறவிடங்களிலும் ஐ.பி.எம். கணினியை ஒத்த மலிவுக் கணினிகள் பெருகியபோது, அவை அனைத்திலும் டாஸ் ஏறிற்று. 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மெக்கிண்டாஷைக் கொணர்ந்தது. படங்களைச் சுட்டி இயக்கும் அழகிய திரை. எழுத்துகளைப் பல வடிவிற் காட்டும் ஆற்றல். ஆனால் அதன் இயங்குதளம் ஆப்பிள் கணினியிலன்றி வேறெதிலும் ஓடாது, விலையோ உயரம். தரம் ஒருபுறமும் பரவல் ஒருபுறமுமாகப் போட்டி பிளவுபட்டது அப்போதுதான்.

இத்தனைக்கும் மலாக்கா மக்கள் கணினிக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1970களில் பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிக வட்டாரத்தில் நேஷனல் செமிகண்டக்டர், சீமென்ஸ் போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலைகளை நிறுவின. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மின்சில்லுகளைக் கோக்கும் வேலைக்குச் சென்றனர். மின்னணுக் கருவிகளின் உள்ளுறுப்புகள் அவர்கள் விரல்களின் வழியே உலகெங்கும் சென்றன. அவர்தம் தம்பி தங்கையர் பயின்ற தோட்டப் பள்ளியில் கணினி நுழைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை சுருட்டச்சுத் தாளும் மையும் தட்டச்சுப்பொறியுமே தலைமையாசிரியரின் படைக்கலங்கள். தமிழ்த் தட்டச்சுப்பொறி வாய்த்த பள்ளிகளும் சிலவே. மற்றவற்றில் தேர்வுத்தாள் முழுதும் கையெழுத்தில்தான்.

தமிழ்த் தட்டச்சுப்பொறி என்றவுடன் ஒரு செய்தியைக் குறிப்பிடாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா வந்து, பல்லாண்டுகள் இங்கும் சிங்கப்பூரிலும் வாழ்ந்தவர். 247 எழுத்துகளை எவ்வாறு சில பத்து விசைகளுக்குள் அடக்குவது என்ற சிக்கலை முதலில் தீர்த்தவர் அவர். எழுத்துகளைத் துண்டாக்கி, துணைக்காலையும் கொம்பையும் தனித்தனி விசையாக்கினார். ஏறத்தாழ ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே சிக்கல் கணினியின் முன் மீண்டும் எழுந்தது. அதனைத் தீர்க்க முனைந்தவர்களுள்ளும் மலேசியர் ஒருவர் முன்னணியில் நின்றார் என்பது நமக்குப் பெருமை தரும்.

அவர்தாம் கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன். 1985இல் அவர் முரசு என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அன்றைய டாஸ் கணினியில் எழுத்துகளுக்கென 256 இடங்களே உண்டு. முதற்பாதி ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் உரியது. மறுபாதியில், அஃதாவது 128 இடங்களுக்குள், தமிழை அமைத்தாக வேண்டும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று நாம் பாடம் சொல்லும் நெடுங்கணக்கு அப்படியே அதில் அடங்காது. ஆதலின் எந்தத் துண்டினை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு மென்பொருளாளரும் தாமே முடிவு செய்தனர். பிழை யாருடையதும் அன்று. வழிகாட்ட ஒரு பொது விதி அப்போது இருக்கவில்லை. ஆனால் அதன் விளைவு கடுமையானது. ஒருவர் 'க' வைத்த இடத்தில் மற்றொருவர் 'ழ' வைத்திருந்தார்.

விண்டோஸ் வந்தபின் இக்குழப்பம் மேலும் பெருகிற்று. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0உம், 1992இன் 3.1உம், 1995 ஆகஸ்டில் உலகெங்கும் ஆரவாரத்தோடு விற்பனைக்கு வந்த விண்டோஸ் 95உம் எழுத்துரு என்னும் வசதியை எவர்க்கும் எளிதாக்கின. எழுத்துரு ஒன்றை வரைந்து, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்திவிட்டால் போதும். திரையில் தமிழ் தோன்றும். ஆயின் கணினியின் உள்ளே அது தமிழன்று. ஈழத்தவரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால், கணினி தன்னுள் பதிந்துகொண்டது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பதனையே. பாமினி இருக்கும்வரை அது அம்மா. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். மாறுவேடம் பூண்ட நடிகன் மேடையை விட்டு இறங்கியதும் யாரென்று தெரியாமற் போவதைப் போன்றது இது.

மெக்கிண்டாஷ் வைத்திருந்தோர் நிலை இன்னும் சிக்கலானது. ஆங்கிலமல்லாத மேற்பாதி இடங்களை ஆப்பிள் ஒருவகையாகவும் மைக்ரோசாப்ட் வேறுவகையாகவும் வரிசைப்படுத்தியிருந்தன. ஆகவே ஒரே எழுத்துருவை இரண்டிலும் வைத்தாலும், ஆப்பிளில் எழுதிய பத்தி விண்டோஸில் கொம்பிழந்து காலிழந்து வந்து நிற்கும். கோலாலம்பூரின் அச்சகம் ஒன்று மெக்கிண்டாஷில் பக்கம் அமைக்கும். அலோர் காஜாவிலோ ஜாசினிலோ உள்ள எழுத்தாளர் விண்டோஸில் கட்டுரை எழுதுவார். அவர் நெகிழ்வட்டினை அனுப்பினால் பயனில்லை. தாளில் அச்சிட்டு அனுப்ப வேண்டும். அங்கே அதனைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சிட வேண்டும். கணினியால் காலம் மிச்சமாகும் என்று மேடைதோறும் பேசப்பட்ட காலம் அது!

சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் ஆக்கிய மயிலை எழுத்துரு இவ்விடத்தில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சண்டைக்குரிய மேற்பாதியைத் தொடாமல், எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான முதற்பாதிக்குள்ளேயே தமிழை அவர் அமைத்தார். மெக்கிண்டாஷ், விண்டோஸ், யூனிக்ஸ் ஆகிய மூன்றிலும் அது ஒன்றுபோல் தோன்றிற்று, விலையின்றி வழங்கப்பட்டது. இதற்கு ஈடாக ஆங்கிலத்தை இழக்க நேர்ந்தது. ஒரே எழுத்துருவில் இரு மொழியும் எழுத முடியாது. எனினும் எந்தக் கணினி உயர்ந்தது என்று பிறர் வாதாடிக்கொண்டிருக்க, எக்கணினியிலும் என் எழுத்து வாழ வேண்டும் என்று எண்ணியவர் அவர். சிங்கப்பூரில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை அமைத்து, 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1999இல் அவர் மறைந்தது நம் வட்டாரத்துக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவையே. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும், 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. திஸ்கி என்னும் குறியீட்டைத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி வகுத்தனர். தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்நெட்99 விசைப்பலகையையும் அறிவித்தது. பொது விதி வேண்டும் என்று தேடியவர்க்கு ஒன்றல்ல, மூன்று கிடைத்தன என்று நண்பர் ஒருவர் நகையாடுவதுண்டு.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். 1990களில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நடத்தியும், நன்கொடை திரட்டியும், தோட்ட நிருவாகத்தின் கதவைத் தட்டியும் ஓரிரு கணினிகளை வாங்கித் தந்தன. நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகம் புக்கிட் பெருவாங்கில் எழுந்து, பின்னாளில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றதும் இக்காலத்திலேதான். அதற்குச் சில கல் தொலைவிலிருந்த தோட்டப் பள்ளிகளில் கணினி ஒன்று, துணி போர்த்தப்பட்டு, தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தது விண்டோஸ். ஏன் விண்டோஸ்? கடையில் அதுதான் இருந்தது. பழுது பார்க்க வருபவருக்கு அதுதான் தெரியும். மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்கும் படிவங்களும் அதிலேயே ஓடின. இதனைத் தேர்வு என்று சொல்லலாமா என்பதே ஐயம்.

மற்றொரு காரணத்தையும் நாணாமல் எழுதத்தான் வேண்டும். அக்காலத்தில் கோலாலம்பூர் இம்பி பிளாசா முதல் நம் சிற்றூர்ச் சந்தைகள் வரை திருட்டுக் குறுவட்டுகள் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. பல நூறு ரிங்கிட் மதிப்புள்ள விண்டோஸும் அதனோடு அலுவலக மென்பொருளும் ஒரு தட்டு நாசி லெமாக்கின் விலையை ஒட்டிய தொகைக்குக் கைக்கு வந்தன. 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றப்பட்டு நடவடிக்கைகள் முடுக்கிவிடப்பட்ட பின்னரே அவ்வாணிகம் ஒடுங்கத் தொடங்கிற்று.

இச்செய்தி இந்த வரலாற்றில் மிக முக்கியமானது. ஏனெனில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்த லினக்ஸ், விலையின்றிக் கிடைப்பது. யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது. ஏழைப் பள்ளிக்கு அதனைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று கருதத் தோன்றும். ஆனால் விண்டோஸும் ஏறத்தாழ விலையின்றியே கிடைத்துக்கொண்டிருந்த ஊரில் லினக்ஸின் சிறப்பு எவர் கண்ணிலும் படவில்லை. லினக்ஸை நம் பட்டணங்களில் தோற்கடித்தது விண்டோஸின் உயர்வன்று. திருட்டு வட்டின் மலிவு. மைக்ரோசாப்ட் அதனால் பணம் இழந்தது, பழக்கத்தைப் பெற்றது. ஒரு தலைமுறை ஆசிரியர் எழுதப் பழகியது அதிலேதான்.

2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வெளிவந்தது. விண்டோஸ் வரிசையில் ஒருங்குறித் தமிழைத் தன்னகத்தே கொண்டு வந்த முதல் இயங்குதளம் அது. லதா என்ற எழுத்துருவும் உடன் வந்தது. ஒருங்குறி என்பது உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாடு. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. உயிர்மெய்க்குத் தனியிடம் தராமல் மெய்யின்மேல் குறியேற்றி அமைத்தது தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என்று அறிஞர் பலர் குறை கூறினர். அக்குறை மெய்யே. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு, உயிர்மெய்க்கும் இடமளித்த டேஸ்16 என்ற முறையையும் ஏற்றது அதனாலேதான். ஆயினும் உலகின் எல்லா இயங்குதளங்களும் ஒப்புக்கொண்ட ஒன்று ஒருங்குறியே. வீட்டின் அறைகள் நம் விருப்பப்படி அமையாவிட்டாலும், பட்டா நம் பெயரில் இருந்தது.

அப்பட்டா கையிலிருந்தும் பயன்படுத்த அறியாதோரே மிகுதி. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமெனில், வட்டார மொழி அமைப்புக்குள் சென்று ஒரு கட்டத்தில் குறியிட்டு, மூல வட்டினைச் செருக வேண்டும். மூல வட்டு எங்கே? கடைக்காரரிடம். இதனால் ஆசிரியர்கள் பழைய எழுத்துருவிலேயே நின்றுவிட்டனர்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அத்திட்டத்தின் பொருட்டு அறிவியல், கணிதம், ஆங்கில ஆசிரியர்க்கு அரசு மடிக்கணினிகளையும் படவீழ்த்திகளையும் வழங்கிற்று. தமிழ்ப்பள்ளிகளுக்குள் மடிக்கணினி பெருமளவில் நுழைந்த வாயில் இதுவே. அவற்றில் விண்டோஸும் ஆங்கிலப் பாட வட்டுகளும் இருந்தன. தமிழ்மொழி பயிற்றும் ஆசிரியர்க்கு அத்திட்டத்தில் இடமில்லை. வகுப்பறைக்குள் ஒளிவெள்ளமாய் விரிந்த திரையில் மாணவன் முதலில் கண்டது ஆங்கிலத்தை. தமிழ்ப் பாடவேளை வந்ததும் கரும்பலகைக்குத் திரும்பினோம். எட்டு வயதுக் குழந்தை அதிலிருந்து எந்த முடிவுக்கு வரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுண்ணக்கட்டியின் மீது எனக்கு வெறுப்பில்லை. என் வாழ்நாளின் பெரும்பகுதி அதனோடுதான் கழிந்தது. ஆயினும் ஒளியும் புதுமையும் பிற மொழிக்கு, தூசி நம் மொழிக்கு என்ற பகிர்வினை ஒரு தமிழாசிரியன் எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது.

அடுத்த ஆண்டே, 2004இல், அரசின் நிருவாக நவீனமயத் துறையான மாம்பு, அரசுத் துறைகளில் திறந்தமூல மென்பொருளுக்கு முதன்மை தரும் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதே காலத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற நாடுகளின் எளிய குடும்பங்களுக்கென எக்ஸ்பியின் தொடக்கப் பதிப்பு ஒன்றைக் குறைந்த விலையில் இறக்கிற்று. ஒரே வேளையில் மூன்று செயலிகளுக்கு மேல் அதில் திறக்க இயலாது. முகப்பு மலாய் மொழியில் இருந்தது. அரியணைப் போட்டி நம் வாசலுக்கே வந்துவிட்டது என்பதற்கு இவை இரண்டும் சான்று. லினக்ஸின் திரைச்சூழல்களை உலகெங்கும் இருந்த தன்னார்வத் தமிழர்கள் 2000ஐ ஒட்டித் தமிழாக்கத் தொடங்கியிருந்தனர். 'கோப்பு', 'திருத்து', 'சேமி' என்று பட்டியல் முழுதும் தமிழில் தோன்றும் கணினி ஒன்று விலையின்றிக் காத்திருந்தது. நம் பள்ளிகள் அதனை நாடவில்லை. அலுவலகப் படிவம் அதில் திறக்குமா என்ற ஓர் அச்சமே போதுமானதாயிற்று.

நாடியவர்கள் எவ்வாறு நாடினர் என்பதையும் காண்போம். கேரளம் தன் பள்ளிகளைப் படிப்படியாக லினக்ஸுக்கே மாற்றிற்று. அங்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடநூலையும் அதற்கேற்ப எழுதினர். ஆகவே அது நிலைத்தது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007ஐ ஒட்டி, சி. உமாசங்கர் அதன் மேலாண் இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலோ விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் இணைத்துத் தரப்பட்டன. கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று அது மாணவனைக் கேட்கும். பழகிய ஒன்றையே விரல் நாடும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த வேறுபாடு இயங்குதளத்தில் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் இருந்தது என்பதே, பயிற்சித் துறையில் காலங்கழித்த என் கணிப்பு.

நம் நாட்டில் இத்தேக்கத்தை உடைத்தது எதிர்பாராத ஒன்று. 2011இல் ஒப்பந்தமான ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ், கூகுளின் குரோம்புக் மடிக்கணினிகள் நாட்டின் பள்ளிகளுக்கு வரும் என்று 2013 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின் இணைய வேகம் பற்றியும் பயன்பாடு பற்றியும் எழுந்த குறைகள் பல. 2019இல் அது முடிவுக்கும் வந்தது. அவற்றை விரித்துரைக்க இது இடமன்று. நாம் கருத வேண்டியது ஒன்றே. குரோம்புக்கில் பழைய முறையில் எழுத்துருவை நிறுவ வழியில்லை. வட்டும் இல்லை, கடைக்காரரும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பழைய எழுத்துருவில் திரட்டி வைத்த தேர்வுத்தாள்களையும் பயிற்றிகளையும் அதில் திறந்தால், வந்து நின்றவை எம்மும் கேயும் அரைப்புள்ளியுமே. ஒருங்குறியில் எழுதியவை மட்டும் வாடாமல் வந்தன. பதினைந்து ஆண்டுகளாக மாநாட்டு மேடைகளில் அறிஞர்கள் சொல்லியும் நம் காதில் ஏறாததை, அந்தச் சிறு கருவி ஒரே நாளில் கற்பித்துவிட்டது. விடுமுறை நாள்களில் பள்ளிக்கு வந்து, பழைய தாள்களை ஒருங்குறிக்கு மாற்றிய இளைய ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். அவர்கள் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

கைப்பேசி வந்தபின் அரியணைப் போட்டியின் களமே மாறிற்று. இன்று மெர்லிமாவிலோ தெபோங்கிலோ உள்ள பாட்டியும் பேரனும் ஆண்ட்ராய்டில் தமிழ் எழுதுகின்றனர். அதனை ஆப்பிள் பேசியில் மகள் படிக்கிறாள். அலுவலக விண்டோஸில் மருமகன் படிக்கிறார். எழுத்து எதிலும் சிதைவதில்லை. ஆப்பிள் கருவிகளில் எம்.என். என்ற ஈரெழுத்தோடு முடியும் தமிழ் எழுத்துருக்களை வாசகர் கண்டிருக்கலாம். அவை முத்து நெடுமாறனின் ஆக்கங்கள். டாஸ் திரையில் இடம் தேடி அலைந்த தமிழ், கலிபோர்னியப் பெருநிறுவனத்தின் கருவிக்குள் ஒரு மலேசியத் தமிழரின் முதலெழுத்துகளோடு குடியேறியிருக்கிறது. 2020இல் பெருந்தொற்றின்போது கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடங்கியபோது கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் என்ற மூன்று போட்டியாளரும் ஒரே கூரையின்கீழ் வந்து அமர்ந்தனர். எந்தக் கிராணியின் புத்தகமும் இனி மற்றவர்க்கு விளங்கும்.

போட்டி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு முதலிய சில உறுப்புகள் இல்லாத பழைய கணினிகளில் முறைப்படி ஏறாது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அரும்பாடுபட்டு வாங்கித் தந்த கணினிகள் பல அவ்வகையின. அவற்றைக் கழிப்பதா, லினக்ஸையோ கூகுளின் குரோம் ஓஎஸ் பிளெக்ஸையோ ஏற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்ற வினா இப்போது தலைமையாசிரியர்களின் மேசைமீது கிடக்கிறது. முன்பு இவ்வினாவுக்கு அஞ்சியதற்கு ஒரு காரணம் இருந்தது: மாறினால் தமிழ் போய்விடும். இன்று அக்காரணம் இல்லை. விலை, பழுது பார்ப்போர் வசதி, ஆசிரியர் பழக்கம் என்ற மூன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால், வேகம் குறைந்த பழைய கணினிகளில் லினக்ஸை ஏற்றி மாணவர்க்கு விடுவேன். அலுவலகத்துக்கு மட்டும் புதிய விண்டோஸ் கணினி ஒன்றை வாங்குவேன். இதனை மறுப்போர் என் நண்பருள்ளேயே உளர்.

எஞ்சியிருப்பது பழைய கடன் ஒன்று. 1990களிலும் 2000த்தின் முற்பகுதியிலும் நம் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகள் ஆண்டு மலர்களும் கட்டட நிதி மலர்களும் வெளியிட்டன. தோட்டம் தோன்றிய கதை, பள்ளியைக் கட்டிய கங்காணியார் பெயர், முதலாசிரியர் பெயர், தீமிதித் திருவிழாவின் வரலாறு எல்லாம் அவற்றில் உள்ளன. அத்தோட்டங்களுள் சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தனர். அம்மலர்களின் அச்சுப்படிகள் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவை சிலவே. கணினிக் கோப்புகளோ நெகிழ்வட்டுகளில், பெயர் தெரியாத எழுத்துருக்களில் உறங்குகின்றன.

மதுரைத் திட்டத்தார் இதற்கு வழி காட்டியுள்ளனர். 1998 பொங்கலன்று தொடங்கிய அவ்விலவச மின்னூல் பணியில் நூல்கள் முதலில் மயிலையிலும், பின் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் மாற்றி ஏற்றப்பட்டன. நம் மலர்களுக்கும் அது இயலும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால், மாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு மலரை அரைமணியில் மாற்றிவிடலாம். பெயர் தெரியாவிடின் அச்சுப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, கோப்பினை அருகில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே பட்டியலிட வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் அவ்வாறு ஒரு மலரின் முதற்பக்கத்தை இரண்டு பாடவேளையில் மீட்டுவிட்டனர். அப்பக்கத்தில் இருந்தது பள்ளியின் முதல் மாணவர் பதிவேட்டிலிருந்து எடுத்த பெயர்ப்பட்டியல். அதில் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரை ஒருத்தி கண்டுபிடித்தாள்.